நோ பார்க்கிங் அபராதம் 1500 ரூபாய்: கட்டிடலாமா, எதிர்த்துப் போலாமா?

காங்கேயம்காளை | ஞாயிறு இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கமுங்க. தங்கச்சி பொண்ணுக்குச் சீருங்க, மாமன் நாந்தான். சேலை எடுக்கப் போன புதங்கிழமை குடும்பத்தோட டவுனுக்குப் போயிருந்தோம். எந்த ஊரு, எந்த ரோடுன்னு கேக்காதீங்க, வம்பு வேண்டாம். கொங்கு நாட்டுக்குள்ளதான். கடை வாசல்ல வாட்ச்மேன் "சும்மா நிறுத்துங்ணா, முக்கா மணி நேரந்தானே"ன்னு கையைக் காட்டுனாரு. நானும் ரோட்டோரமா நிறுத்திப்போட்டு உள்ள போயிட்டேன். முக்கா மணி நேரம் ரெண்டே கால் மணி நேரமாச்சு. சேலைக்கடைக் கதை உங்களுக்குத் தெரியாததா?

திரும்பி வந்து பார்த்தா வண்டில பூட்டும் இல்லை, சீட்டும் இல்லை. ராத்திரி சோத்துல கை வெக்கறப்ப மெசேஜ் வருது. நோ பார்க்கிங்காம், 1500 ரூபாயாம். சாமி சத்தியமா அங்க நோ பார்க்கிங் போர்டே இல்லீங்க. சலான்ல இருக்கற போட்டோலயும் என்ற வண்டியோட பின்பக்கமும் ஒரு சுவரும்தான் தெரியுது. இதை எதிர்த்து எங்க போய் மனுப் போடறதுங்க? போட்டா செயிக்குமா?

---

சோமனூர்தறி | ஞாயிறு இரவு 10.40

கட்டிட்டுப் பொழப்பைப் பாருங்க பங்காளி. கோர்ட்டுப் படி ஏறுனா ஒரு நாள் தறி நிக்கும், ரெண்டு வாய்தான்னா ரெண்டு நாள். அபராதத்தை விட அது எச்சா ஆகும்.

---

பெஞ்சுகிளார்க் | திங்கள் காலை 6.20

காளை தம்பி, அவசரப்பட்டுக் கட்டிடாதீங்க. முப்பது வருசத்துக்கு மேல கோர்ட்டுல பெஞ்சு கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி வழக்குக் கட்டுகளைக் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் மூட்டைக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மெசேஜில் வருவதை நாம் அபராதம் என்கிறோம். உண்மையில் அது இணக்கக் கட்டணம். மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவுப்படி, "வழக்கு வேண்டாம், இந்தத் தொகையைக் கட்டி முடித்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சம்மதிப்பது. கட்டிவிட்டால் கதை முடிந்தது. கட்டிய பிறகு "நான் தப்புப் பண்ணலை" என்று மனு எழுதிக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். அங்கே போகும் உரிமை கட்டாதவரைக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்தது, 1500 என்பது எனக்கு உறுத்துகிறது. சாதாரண நோ பார்க்கிங்கை 177ஆம் பிரிவில் போடுவார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் முதல் தடவைக்கு 500 வரை, இரண்டாவது தடவையிலிருந்து 1500 வரை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதுக் கட்டண ஆணை வந்ததிலிருந்து அந்த 500, 1500 தான் கேட்கிறார்கள். அப்படியானால் உங்களை இரண்டாம் தடவைக்காரர் ஆக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒன்று வாங்கியிருக்கிறீர்களா?

---

காங்கேயம்காளை | திங்கள் காலை 7.05

இல்லவே இல்லீங்க ஐயா! என்ற ஆயுசுல இதான் மொதல்.

---

பெஞ்சுகிளார்க் | திங்கள் காலை 7.30

பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். கட்டி முடித்த பழைய சலானும் அங்கே தெரியும்.

---

செல்போன்கடைக்காரன் | திங்கள் காலை 9.12

நடுவுல ஒரு வார்த்தைங்ணா. தளத்துக்குப் போறப்ப முகவரியை நீங்களே தட்டிப் போங்க, கடைசில ஜிஓவி டாட் இன்னு இருக்கோணும். வாட்ஸப்புல "உங்க வண்டிக்கு அபராதம், இதை இறக்குங்க"ன்னு ஏபிகே ஃபைல் ஒண்ணு சுத்துது. எங்கடைக்கு வாரம் ஒருத்தராச்சும் வர்றாங்க, அதைத் தொட்டுட்டு பேங்க்ல இருந்த காசெல்லாம் போயிருச்சுன்னு. காவல்துறை வாட்ஸப்புல ஏபிகே அனுப்பாதுங்க.

---

காங்கேயம்காளை | திங்கள் மதியம் 1.50

ஐயா, நீங்க சொன்னது சரிதானுங்க. 2022 நவம்பர்ல ஒண்ணு கட்டியிருக்குது, அதுவும் நோ பார்க்கிங். ஆனா அப்ப வண்டி என்றது இல்லை! 2023 மார்ச்லதான் ஒரு ஒறம்பரைக்காரர்கிட்ட கைமாத்தி வாங்கினேன். ஆர்சி புக்குல தேதியோட என்ற பேரு இருக்குதுங்க. அவரு வாங்குன சலானுக்கு நான் ரெண்டாந்தடவைக்காரன் ஆயிட்டேன். இதென்ன சொத்தோட கடனும் சேந்து வர்ற கணக்கா?

---

விசில்சத்தம் | திங்கள் இரவு 8.30

நான் அந்தப் பக்கத்து ஆளுங்க, அதாவது காக்கி. போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறேன், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ரெண்டு விஷயம்.

ஒண்ணு. கையில் இருக்கிற மெஷினில் வண்டி நம்பரைத் தட்டினால் பழைய கணக்கு வரும். நடுவில் ஓனர் மாறினாரா என்று வெயிலில் நிற்கிற ஆள் யோசிப்பதில்லை. தப்புதான், ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு. "போர்டு இல்லை" என்பதை எல்லாரும் பெரிய சாட்சி மாதிரிச் சொல்றீங்க. போர்டு இல்லாத இடமெல்லாம் நிறுத்தலாம் என்று அர்த்தமே கிடையாது. 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையில் போர்டே இல்லாமல் தடை இருக்கிற இடங்களைச் சொல்லியிருக்கிறார்கள். நடைபாதை மேல, சந்திப்புப் பக்கத்தில், பாதசாரி கடக்கிற கோட்டுப் பக்கத்தில், பஸ் ஸ்டாப்பில், பாலத்தின் மேல, அடுத்தவர் வீட்டு வாசலை மறைச்சு, ஏற்கெனவே நிக்கிற வண்டிக்கு இணையா ரெண்டாவது வரிசையில். சேலைக்கடை வாட்ச்மேனுக்கு இதெல்லாம் தெரியாது, அவருக்கு வேண்டியது யாவாரம்.

போர்டையும் சரியாப் பாருங்க. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தா நிறுத்தக்கூடாது. ஆளை இறக்கிவிட்டுட்டுப் போகலாம். ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி இருந்தா நிக்கவே கூடாது.

---

சோமனூர்தறி | திங்கள் இரவு 8.52

சார் வந்துட்டாருப்பா. ஏனுங் சார், எங்களுக்குப் போட்டோ எடுக்கறீங்க, அதே ரோட்டுல கடைக்காரரு சரக்கு வண்டி மத்தியானம் பூரா நிக்குதே, அது கண்ணுக்குத் தெரியாதுங்ளா?

---

விசில்சத்தம் | திங்கள் இரவு 9.01

அண்ணா, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வரும். அடுத்த கேள்வி.

---

மஞ்சமண்டி | செவ்வாய் காலை 11.25

ஈரோட்டுல இருந்து எழுதறேனுங்க. என்னோடது வேற கதை, ஆனா காளை அண்ணனுக்கு உதவலாம். போன வருசம் எனக்குக் கோயமுத்தூர் நோ பார்க்கிங் சலான் வந்துச்சு. நான் அன்னிக்கு ஈரோட்டைத் தாண்டவே இல்லை. போட்டோவைத் தெறந்தா கறுப்புக் கலர் பைக்கு. எங்கிட்ட இருக்கறது வெள்ளை ஸ்கூட்டர்! பெருசு பண்ணிப் பார்த்தா அந்த பைக்கு டிஎன் 38, கோயமுத்தூர் வடக்கு. அடிச்சவரு டிஎன் 33ன்னு அடிச்சுட்டாரு, அது ஈரோடு. மீதி எழுத்தும் நம்பரும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாட்ட அமைஞ்சு போச்சு.

நான் கோர்ட்டுக்கெல்லாம் போகலைங்க. அதே தளத்துல புகார்ப் பகுதி இருக்குது. சலான் நம்பர், பேரு, போன் நம்பர், என்ன தப்புன்னு நாலு வரி, கூடவே ஆர்சி நகலும் என்ற வண்டியோட முன்னாடி பின்னாடி போட்டோவும் ஏத்துனேன். ஒரு புகார் எண் வந்துச்சு. மூணு வாரம் ஒரு சத்தமும் இல்லை. பொறவு சலான் போட்ட ஸ்டேசனுக்குப் போன் பண்ணி அந்த எண்ணைச் சொன்னேன். மறுவாரம் பார்த்தா சலான் ரத்தாகியிருந்துச்சு. நாலு வரிக்கு மேல எழுதாதீங்க, அதான் முக்கியம். எங்கூட்டுக்காரரு எழுதித் தர்றேன்னு ரெண்டு பக்கத்துக்கு அரசாங்கத்தையே திட்டி வெச்சிருந்தாரு, நான் கிழிச்சுப் போட்டுட்டு நானே எழுதுனேன்.

---

பெஞ்சுகிளார்க் | செவ்வாய் மாலை 5.40

மஞ்சமண்டி அம்மிணி செய்ததுதான் சரியான வழி. நம்பர் தப்பு, வண்டி விற்றாயிற்று, வண்டி திருட்டுப் போயிருந்தது என்பதெல்லாம் ஒரு காகிதத்தைக் காட்டினால் முடிகிற சங்கதி. அதற்குப் புகார்ப் பகுதி போதும். "நிறுத்தினது நான்தான், ஆனால் குற்றமில்லை" என்று வாதம் பண்ண வேண்டுமென்றால் அது நீதிமன்றத்து வேலை. போலீஸ் அதைத் தானே தீர்த்துக்கொள்ளாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

காளை தம்பி, உங்களுடையது இரண்டும் கலந்தது. முதலில் புகாரைப் போடுங்கள், ஆர்சியோடு, தொகையைப் பற்றி மட்டும். போர்டு விவகாரத்தை அதில் கொண்டுவர வேண்டாம். அது நகராவிட்டால், கட்டாமல் விட்ட சலான் கொஞ்ச நாளில் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். விர்ச்சுவல் கோர்ட் என்றால் உங்கள் செல்போன் கடைக்காரருக்குத் தெரியும். அந்தத் தளத்தில் நம்ம மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து வண்டி நம்பரைப் போட்டால் வழக்கு வரும். செல்போனுக்கு ஓடிபி வரும். பிறகு இரண்டே வழி காட்டும்: முன்மொழிந்த தொகையைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். இரண்டாவதை அழுத்தினால் சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே நிற்கலாம்.

அழுத்துவதற்கு முன் யோசியுங்கள். அழுத்திவிட்டால் வீட்டில் உட்கார்ந்து கட்டி முடிக்கிற வசதி போய்விடும். நேரில் போக வேண்டும், வாய்தா விழலாம். சோமனூர்க்காரர் சொன்ன தறிக் கணக்கு பொய்யில்லை.

---

நொய்யல்மீன் | செவ்வாய் இரவு 7.15

எதுக்குங்க இத்தனை? எங்க மச்சான் சொன்னாரு, ஆறு மாசம் கண்டுக்காம விட்டா தானாக் காலாவதி ஆயிருமாம்.

---

பெஞ்சுகிளார்க் | செவ்வாய் இரவு 8.05

உங்கள் மச்சான் பாதி சரி. பாதி சரியாக இருக்கிற சட்ட ஆலோசனைதான் ஆளைக் கவிழ்ப்பது. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் எடுக்க வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 468, இப்போதைய பிஎன்எஸ்எஸ்ஸில் 514. ஆனால் அது நீதிமன்றத்தின் முன் எழுப்ப வேண்டிய வாதம். கம்ப்யூட்டரில் சலான் தானாக அழியாது. நாளைக்குப் பேர் மாற்றப் போவீர்கள், நிலுவை என்று திரையில் நிற்கும். அங்கே கவுன்ட்டரில் இருப்பவரிடம் 514ஆம் பிரிவைச் சொல்லிப் பாருங்கள்.

இதே மாதிரி இன்னொன்று: கேமராவில் சிக்கினால் பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்று 2021 ஆகஸ்ட்டில் 167ஏ விதி வந்தது. காளைக்கு அன்று இரவே வந்துவிட்டது. அந்த வாதம் இங்கே வேகாது.

---

காங்கேயம்காளை | வியாழன் மாலை 6.10

புகார் போட்டுட்டேனுங்க, அம்மிணி சொன்ன மாதிரி நாலே வரி. வர்ற வழில அந்த ரோட்டுக்கும் போய் ஏழு போட்டோ எடுத்துட்டு வந்தேன். நான் நிறுத்துன இடத்துலயே ஒரு காரு நின்னுச்சு, அதை வெச்சே எடுத்தேன். ரெண்டு பக்கமும் அம்பது அடி வரைக்கும் போர்டு இல்லை, பாருங்க. அங்க ஒரு கம்பம் இருக்குது, அதுலயும் யாரோ கல்யாண பேனர் கட்டி வெச்சிருக்கறாங்க. கோர்ட்டுல இதைக் காட்டுனா போதுங்ளா?

[7 படங்கள்]

---

பெஞ்சுகிளார்க் | வியாழன் மாலை 6.45

இது இன்றைக்கு எடுத்தது. அன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்கு இது சாட்சியாகாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சலான் வந்த அன்றே எடுத்திருந்தால் கதை வேறு. அந்த ரோட்டை எந்த ஆணைப்படி நிறுத்தத் தடைப் பகுதியாக அறிவித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில் தர வேண்டும். போர்டை வைக்கும் அதிகாரம் 116ஆம் பிரிவில் இருக்கிறது; அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்குக் காகிதம் இருக்க வேண்டுமல்லவா?

---

விசில்சத்தம் | வியாழன் இரவு 9.20

காளை அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நாலாவது போட்டோவைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. அந்த காரோட முன் சக்கரத்துக்குக் கீழ வெள்ளைப் பட்டை தெரியுதா?

---

மஞ்சமண்டி | வியாழன் இரவு 9.31

அய்யோ.

---

சோமனூர்தறி | வியாழன் இரவு 9.33

ஜீப்ரா கிராசிங்! கிடா வெட்டறதுக்குக் கத்தியையும் கிடாயே தூக்கிட்டு வந்த மாதிரி ஆயிப்போச்சே பங்காளி.

---

காங்கேயம்காளை | வியாழன் இரவு 10.02

பெயிண்ட் பாதி அழிஞ்சு கெடக்குதுங்க, அன்னிக்கு என்ற கண்ணுக்குப் படவே இல்லை. இப்ப என்னங்க ஐயா பண்றது?

---

பெஞ்சுகிளார்க் | வெள்ளி காலை 6.15

போர்டு இல்லை என்கிற வாதத்தை விட்டுவிடுங்கள். தகவல் மனுவும் வேண்டாம். நீங்கள் அதை எடுத்தால் எதிர்த்தரப்பு இந்தப் பட்டையைக் காட்டும், அப்போது தொகைப் பிரச்சினையிலும் உங்கள் பேச்சு எடுபடாது. பெஞ்சில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு நூறு கட்டு பார்க்கிறார்கள். சில்லறைப் பொய் சொல்கிறவனையும் நேராகப் பேசுகிறவனையும் அவர்களால் அரை நிமிடத்தில் பிரிக்க முடியும். கையில் இருக்கிற நல்ல காகிதம் ஆர்சி மட்டும்தான், அதை மட்டும் பிடியுங்கள். 177ஆம் பிரிவு குற்றம் செய்த ஆளைப் பற்றிப் பேசுகிறது, வண்டியைப் பற்றி இல்லை. இரண்டாவது குற்றம் என்றால் முதல் குற்றத்தையும் அதே ஆள் செய்திருக்க வேண்டும். சட்டத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன். உங்கள் நடுவர் எப்படிப் படிப்பார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

---

ஆர்எஸ்புரத்துவாசி | வெள்ளி காலை 10.50

எல்லாரும் சட்டம் பேசறீங்க. கோயமுத்தூர் டிபி ரோட்டில் கோடிக்கணக்கில் செலவு பண்ணி அடுக்குமாடி கார் நிறுத்தம் கட்டி வெச்சிருக்கு. அதுக்கு எதிர்லயே ரோட்டோரம் நிறுத்திட்டு "பத்து நிமிசந்தான்"னு போறவங்க எத்தனை பேரு! என் வீட்டு கேட்டுக்கு முன்னால நிறுத்திட்டுப் போயி, எங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாம நின்ன நாள் உண்டு. அன்னிக்கு ஒரு போலீஸ் வந்து பூட்டுப் போட்டா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

---

காங்கேயம்காளை | வெள்ளி பகல் 12.20

நெசந்தானுங்க. நான் மறைச்சது கேட்டு இல்லை, கிராசிங்குதான். ஆனா அதுவும் அதே கணக்குதான்.

---

(ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து)

காங்கேயம்காளை | புதன் இரவு 8.45

இழையைத் தூக்கி மேல விடறேனுங்க. கேட்டவங்களுக்காக முடிவு.

புகாருக்குப் பதிலே வரலை. ரெண்டு தடவை போன் பண்ணேன், "பாக்கறோம்"னாங்க. பொறவு விர்ச்சுவல் கோர்ட்டுல ஏறிடுச்சு. ஒரு ராத்திரி பூரா யோசிச்சுட்டு எதிர்க்கறேன்னு அழுத்துனேன். எங்கூட்டுல "ஆயிரம் ரூபாய்க்கு வீராப்பு"ன்னு ஒரே பேச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத் தேதி வந்துச்சு.

இன்னிக்குத்தான் போனேன். காலைல பத்து மணிக்கே போய் உக்காந்தாச்சு. எனக்கு முன்னாடி ஹெல்மெட்டு, ஓவர்லோடு, குடிச்சுட்டு ஓட்டுனதுன்னு வரிசையா. பன்னெண்டேகாலுக்கு என்ற பேரைக் கூப்பிட்டாங்க. நடுவர் அம்மா குற்றத்தை ஒத்துக்கறீங்களான்னு கேட்டாங்க. கிளார்க் ஐயா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன்: "நிறுத்துனது நெசமுங்க அம்மா, கிராசிங் மேல நிறுத்திப்போட்டேன். ஆனா ரெண்டாந்தடவைன்னு போட்டிருக்கறது சரியில்லீங்க. மொதத் தடவை நடந்தப்ப வண்டி என்றது இல்லை." ஆர்சி நகல், பழைய சலான் நகல் ரெண்டையும் கொடுத்தேன். ரெண்டு தேதியவும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "இதை முன்னாடியே சொல்லலையா?"ன்னாங்க. புகார் எண்ணைக் காட்டுனேன். 500 ரூபாய்னு எழுதிட்டாங்க. மொத்தம் மூணு நிமிசங்கூட ஆகலை.

கட்டி ரசீது வாங்கியாச்சு. ஆயிரம் மிச்சம். ஒரு நாள் வேலை போனதையும் நகல் எடுத்ததையும் கழிச்சா ஒண்ணுமில்லை, அது தெரிஞ்சுதான் போனேன். ஆனா அடுத்த தடவை யாராச்சும் இந்த வண்டி நம்பரைத் தட்டுனா, மொதத் தடவைன்னு கோர்ட்டே எழுதுன காயிதம் எங்கிட்ட இருக்குது.

---

பெஞ்சுகிளார்க் | புதன் இரவு 9.10

அடுத்த தடவை 1500 தான் தம்பி. இன்றைக்கு முதல் தடவை உங்கள் பேரிலேயே பதிவாகிவிட்டதே.

---

சோமனூர்தறி | புதன் இரவு 9.14

பங்காளி, கோர்ட்டுக்குப் போறப்ப வண்டியை எங்க நிறுத்துனீங்க?

---

காங்கேயம்காளை | புதன் இரவு 9.20

பஸ்ஸுலதானுங்க போனேன்.